விரும்பும் கலையும் பிறர் கூறும் குறையும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது வாசிகசாலையில் யப்பானியச் சித்திரக்கதை நூல்களுக்கென ஒரு தட்டு ஒதுக்கலாமா, மாதத்தில் ஒரு மாலை அந்நாட்டுச் சித்திரப் படமொன்றை இம்மண்டபத்திற் காட்டலாமா என்ற வினா சென்ற சில கூட்டங்களில் எழுந்தது. அப்போது இரு பக்கத்தாரும் பேசியவை நம் நினைவில் இருக்கும். "சிறுபிள்ளை விளையாட்டு" என்றனர் சிலர். "வெட்டும் குத்தும் நிறைந்தவை" என்றனர் வேறு சிலர். அரைகுறை ஆடைச் சித்திரங்கள் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டோரும், நம் புராண இதிகாசங்கள் இருக்கப் பிறநாட்டான் கதை ஏன் என்று கேட்டோரும் உளர். இளைஞர் பக்கத்தில் சிலர் முகஞ் சிவந்தனர். சிலர் ஒன்றும் பேசாது தலைகுனிந்திருந்தனர்.

தட்டு ஒதுக்குவதா இல்லையா என்று முடிவு செய்வது செயற்குழுவின் கடமை. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு முந்தியது. ஒருவன் தான் மனமார விரும்பும் கலையைப் பிறர் குறைகூறும்போது அக்குறையை எங்ஙனம் கேட்பது, எங்ஙனம் மறுமொழி சொல்வது என்பதே அது.

பெரியோர்களுக்காக இரண்டு சொற்களை முதலில் விளக்குதல் வேண்டும். யப்பானில் அச்சிற் படிக்கும் சித்திரக்கதைக்கு மங்கா என்று பெயர்; திரையில் அசையும் சித்திரப் படத்துக்கு அனிமே என்று பெயர். மங்கா நூலை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படித்தல் வேண்டும். சிறுவர்க்கு வேறு, சிறுமியர்க்கு வேறு, வளர்ந்த ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வேறு வேறு என அங்கே வகுத்தே சஞ்சிகைகள் வெளியிடுகின்றனர். ஆதலின் மங்கா என்பது ஒரு கதையின் பெயரன்று. கதை சொல்லும் முறை ஒன்றின் பெயர். "நாவல் நல்லதா கெட்டதா?" என்ற வினாவுக்கு எவ்வாறு ஒரு சொல்லில் விடை இல்லையோ, அவ்வாறே இதற்கும் இல்லை.

இனி, நாம் விரும்பியதைப் பிறர் பழிக்கும்போது நம்மிற் பெரும்பாலார் செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று சினத்தல். "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று சொல்லி எழுந்துவிடுதல். மற்றது ஒளித்தல். வீட்டில், "உந்தக் காட்டூனை விட்டுப்போட்டுப் புத்தகத்தை எடு" என்று தாயார் சொன்னதும் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துப் பாடநூலைத் திறப்பவர் நம்மில் எத்தனை பேர்! சினப்பவனுக்குத் தன் விருப்பத்துக்குக் காரணங் கூறும் ஆற்றல் வளர்வதில்லை. ஒளிப்பவனோ நாளடைவில் தான் விரும்புவது இழிந்ததென்று தானே நம்பத் தொடங்குகிறான். இவ்விருவரையும்விட வருந்தத்தக்கது வேறொன்று உண்டு: பிள்ளை என்ன படிக்கிறான், எதைப் பார்த்துக் கண்கலங்குகிறான் என்பதை அவ்வீட்டார் அறியாமற் போகின்றனர். ஒரே கூரையின் கீழ் இருவர் அயலாராகின்றனர்.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி நம் சைவ நூன்மரபிலேயே உளது. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக அமைந்ததைப் பெரியோர் அறிவர். தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுமுன், உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரி ஈறாக மறுபக்கத்தார் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்து மொழிகின்றார். அவரவர் வாயாற் சொல்லுமாறு அவரவர் கொள்கையை முன்வைத்துப் பின்னரே மறுக்கின்றார். எதிரியின் வாதத்தைச் சுருக்கியும் திரித்தும் கூறி வெல்வது வெற்றியாகாதென்பது அம்முறையில் அடங்கிய அறம். நன்னூலாரும் நூலாசிரியர்க்குரிய மதங்களைக் கூறுமிடத்துப் பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முன்னர் உடன்பட்டுப் பின்னர்க் களைதல் முதலியவற்றை வகுத்துள்ளார். உடன்படுதலும் ஒரு மதமாக அங்கே முதலில் நிற்பதை நாம் மறத்தலாகாது.

எம்மிற் பலர் மிசன் பாடசாலைகளிற் கல்வி கற்றோர். காலையிற் பிறமதத்தார் பிரார்த்தனையைக் கேட்டு நின்றோம். மாலையில் நீறணிந்து கோயிலுக்குச் சென்றோம். பிறர் சொல்வதைச் செவ்வனே கேட்டதனால் நம் பற்றுக் குறையவில்லை. ஏன் நம்புகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. சமயத்துக்கு இயன்றது கலைக்கு இயலாதா? ஆகவே மங்காவின்மீதும் அனிமேயின்மீதும் சொல்லப்படும் குறைகளை இம்முறையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது குறை, இவை சிறுபிள்ளைத்தனமானவை என்பது. குறைகூறுவார் பக்கத்திலிருந்து சொல்வதாயின், சித்திரம் என்றதும் வீரனும் அரக்கனும் பேசும் விலங்குமே நம் நினைவுக்கு வருகின்றன. தொலைக்காட்சியில் நம் வீடுகளுக்கு வந்தவையும் பெரும்பாலும் குழந்தைகளுக்கானவையே. இவ்வெண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும் இதனை நாம் மறுக்கலாம். மறுப்பதற்குச் சான்றும் உண்டு.

கெய்ஜி நக்கசாவா என்பவர் 1945ஆம் ஆண்டு ஆகத்து 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவர். இடிந்த வீட்டில் அகப்பட்டுத் தந்தையும் தமக்கையும் தம்பியும் மாண்டனர். அன்றே தாய் ஒரு பெண் மகவைப் பெற்றாள். அம்மகவும் சில மாதங்களில் இறந்தது. அச்சிறுவர் வளர்ந்து சித்திரக்கதை ஆசிரியராகி, தாம் கண்டதை 1973 முதல் வரைந்தார். 'வெறுங்கால் கென்' என்று பொருள்படும் அக்கதை வெளிவரத் தொடங்கியது சிறுவர் வார இதழொன்றிலேயே. பின்னர் அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

இசாவோ தக்காகாத்தா 1988இல் இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை' என்ற படத்தையும் நோக்குங்கள். கோபே நகரில் விமானக் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் சின்னஞ்சிறு தங்கையும் உணவின்றி மெல்ல மெல்ல அழிவதே அதன் கதை. அரக்கனும் இல்லை, வீரனும் இல்லை. ஒரு மிட்டாய்த் தகரமும், நீர் விட்டுக் கலக்கிக் குடித்த கடைசி இனிப்பும் உண்டு. பதுங்குகுழி என்னும் சொல்லுக்கு அகராதி பார்க்கத் தேவையில்லாத பெரியோர் பலர் இம்மண்டபத்தில் இருக்கின்றனர். அப்படத்தைச் சிறுபிள்ளை விளையாட்டென்று அவர்கள் சொல்லமாட்டார்கள் என்பது எமது துணிபு.

இரண்டாவது குறை, இவை இளைஞர் மனத்தைக் கெடுக்கின்றன என்பது. இது பழைய குற்றச்சாட்டு. கலைகள் பலவற்றின்மீதும் சுமத்தப்பட்டது. பிளேட்டோ தாம் கண்ட இலட்சிய நாட்டிலிருந்து கவிஞரை வெளியேற்றத் துணிந்தார். சேக்ஸ்பியர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் 1642இல் இலண்டன் நாடக அரங்குகள் மூடப்பட்டன. அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டு பிரெட்ரிக் வேர்தம் என்னும் உளமருத்துவர் சித்திரக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று நூல் எழுதினார். செனற் சபைக் குழு அவ்வாண்டே விசாரணை நடத்தியது. பதிப்பாளர் அஞ்சித் தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகளை இயற்றிக்கொண்டனர். பல்லாண்டுகளின் பின், அம்மருத்துவர் விட்டுச்சென்ற குறிப்புக்களை ஆராய்ந்த கரோல் தில்லி என்னும் அறிஞர், சிறுவர் கூறியவற்றை அவர் தம் வாதத்துக்கு ஏற்ப மாற்றியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தாரென 2012இல் எடுத்துக்காட்டினார்.

யப்பானும் இதற்கு விலக்கன்று. அங்கே 1955ஆம் ஆண்டளவில் தாய்மார் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தீய நூல் ஒழிப்பு இயக்கம் ஒன்றை நடத்தின. சித்திரக்கதை நூல்களைக் குவித்துத் தீயிட்டதும் உண்டு. இன்று நவீன மங்காவின் தந்தையெனப் போற்றப்படும் ஒசாமு தெசுகாவின் நூல்களும் அக்கண்டனத்துக்குத் தப்பவில்லை. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். புத்தர் பெருமானின் வரலாற்றை 1972 முதல் 1983 வரை நெடிய சித்திரக்கதையாக வரைந்தவர். அவர் வளர்ந்த தக்கராசூக்கா நகரில் 1994இல் அவர் பெயரால் நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. ஒரு தலைமுறை தீயிலிட்டதை அடுத்த தலைமுறை கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்தது.

இவ்வளவையும் சொல்லி, ஆகவே குறைகூறுவாரெல்லாம் அறியாதவர் என்று முடித்துவிடுதல் எளிது. அவ்வாறு முடிப்பது பரபக்கத்துக்குச் செய்யும் அநீதி. முன்னொரு காலத்துக் கண்டனம் பொய்த்தமையால் இன்றைய கண்டனமும் பொய்யென்பது பெறப்படாது. பெண்பிள்ளைகளை, அதுவும் பாடசாலைப் பருவத்தினரை, கதைக்கு வேண்டாதவிடத்தும் காமக்கண் கொண்டு வரையும் வழக்கம் அனிமேயிலும் மங்காவிலும் உண்டு. நம் யுவதிகள் சிலரே, "கதை நன்று, இந்தக் காட்சிகளை மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை" என்று கூறக் கேட்டிருக்கிறோம். யப்பானியருக்குள்ளேயே இது பெரிய வழக்கு. 2010ஆம் ஆண்டு டிசெம்பரில் தோக்கியோ மாநகர சபை, 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்கலாகாத சித்திரக்கதைகளின் வரம்பை விரித்து விதி செய்தது. பெற்றோர் சங்கங்கள் அதனை ஆதரித்தன; வரைஞரும் பெரும் பதிப்பாளரும் கருத்துரிமைக்குக் கேடென்று எதிர்த்தனர். எனவே இக்குறையில் நாம் உடன்படவேண்டிய பாகத்துக்கு உடன்படுவோம். எல்லாம் எல்லா வயதினர்க்கும் ஏற்றவையல்ல. தெரிவு வேண்டும். அவ்வாறு ஒப்புக்கொள்வதால் நாம் விரும்பும் நல்ல படங்களுக்கு யாதொரு குறைவும் வராது. ஒப்புக்கொள்ள மறுத்தாற்றான் நம் சொல்லை எவரும் நம்பார்.

தெரிவு என்னும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முன்னர்க் கூறிய 'வெறுங்கால் கென்' நூலில் வன்மையான போர்க்காட்சிகள் உண்டென்று கருதி, மத்சுவே நகரக் கல்விச் சபையினர் 2012 டிசெம்பரில் அதனைப் பாடசாலை நூலகங்களின் திறந்த தட்டிலிருந்து எடுத்து உள்ளே வைக்குமாறு கேட்டனர். 2013 ஆகத்தில் இச்செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அம்மாதமே அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. கொடுமையைக் காட்டி மகிழ்விக்கும் நூல் வேறு. கொடுமையை வெறுக்கச் செய்யும் நூல் வேறு. இரண்டிலும் குருதி இருக்கும். முழுவதும் படித்தவனே இரண்டையும் பிரித்தறிவான்.

மூன்றாவது குறை, இவை கலையழகு அற்றவை என்பது. கண்கள் முகத்திற் பாதியாம்; அசைவு தடங்கித் தடங்கி வருகிறதாம். கண்ணைப் பற்றி நாம் அதிகஞ் சொல்லவேண்டியதில்லை. நம் கோயில் வாகனங்களிலும் தேர்ச் சிற்பங்களிலும் காணும் விரிந்த கண்கள் இயற்கையில் எவர்க்கு உண்டு? உள்ளத்து உணர்வைக் காட்டக் கலைஞன் அளவை மீறுகிறான். தெசுகாவோ அமெரிக்கச் சித்திரப் படங்களையும், தம் ஊரில் மகளிரே நடித்த தக்கராசூக்கா நாடகங்களையும் பார்த்துப் பழகியவர். அவர் வரைந்த பெருங்கண்கள் அவ்வழி வந்தவை.

அசைவு பற்றிய குறை உண்மையே. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 8 சித்திரங்கள் போதும். 1963ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி தெசுகாவின் 'அத்தோமு' தொலைக்காட்சியில் வரத் தொடங்கியபோது, வாரந்தோறும் அரைமணி நேரப் படத்தை மிகச் சிலர் கூடி முடிக்கவேண்டியிருந்தது. ஆதலால் உடம்பை அசையாது நிறுத்தி வாயை மட்டும் அசைத்தனர். ஒருமுறை வரைந்த சித்திரத்தைப் பலமுறை பயன்படுத்தினர். வறுமையிற் பிறந்த அம்முறையே பின்னர் ஒரு பாணியாயிற்று.

இதனை மிகக் கடுமையாகக் கண்டித்தவர் யார் தெரியுமா? அனிமேயை வெறுத்த ஒருவரல்லர். பேர்லின் விழாவில் 2002இல் பொற்கரடிப் பரிசும் 2003இல் ஒஸ்கார் பரிசும் வென்ற படத்தை ஆக்கிய ஹயாவோ மியாசாக்கியே அவர். 1989இல் தெசுகா மறைந்தபோது நாடே புகழ்ந்து நிற்க, மியாசாக்கி சித்திரக்கதையில் அவருக்குள்ள பெருமையை ஏற்றுக்கொண்டு, படத்துறையில் அவர் குறைந்த விலைக்குப் படஞ்செய்து காட்டிய வழி பிழையென்று எழுதினார். வரைஞர் குறைந்த ஊதியத்துக்கு நெடுநேரம் உழைக்கும் நிலைபற்றிய முறைப்பாடு இன்றும் ஓயவில்லை. இளைஞர்களே, இதனை நன்கு சிந்தியுங்கள். ஒரு கலையின் குறைகளை அதன் பகைவரினும் கூர்மையாகக் காண்பவர் அதன் அன்பரே. நாம் விரும்புவதன் குறையை நாம் அறிந்திருப்பின், பிறர் அதைச் சொல்லும்போது நமக்கு அதிர்ச்சி ஏது?

நான்காவது குறை, இது நம் பண்பாட்டுக்கு அயலானது என்பது. இதற்கு ஒரு வரலாறே விடை பகரும். யூகோ சாக்கோ என்னும் யப்பானியர் 1983இல் இந்தியாவில் இராமாயணத் தொடர்புள்ள அகழ்வாராய்ச்சி பற்றி விவரணப் படம் எடுக்க வந்தார். அப்போது இராமகதையில் ஈடுபட்டு, அதனைத் தம் நாட்டுச் சித்திரப் பட முறையில் ஆக்க விரும்பினார். தெய்வக் கதையை அயல்நாட்டார் 'காட்டூன்' ஆக்குவதா என்று கண்டனம் எழுந்தது. இந்திய அரசின் கூட்டுறவு கிட்டவில்லை. ஆயினும் அவர் சினக்கவுமில்லை, எண்ணத்தைக் கைவிடவுமில்லை. இந்தியச் சித்திரப் படத்துறையின் முன்னோடியான இராம் மோகனைத் துணைக்கொண்டார். ஆடையணியும் மாளிகையும் வணங்கும் முறையும் இந்தியக் கலைஞர் காட்டிக்கொடுக்க, யப்பானியர் வரைந்தனர். 1993இல் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் அப்படம் காட்டப்பட்டது. அயோத்திக் கலவரங்களின் நிழலில் அன்று அதனைப் பலர் காணவில்லை. 2025ஆம் ஆண்டு சனவரி 24ஆம் தேதி இந்தியத் திரையரங்குகளிற் புதிதாக வெளியிடப்பட்டபோது தமிழிலும் அது பேசியது. "காட்டூன் தெய்வத்தை இழிவுசெய்யும்" என்ற ஐயத்துக்கு அவர் வாயால் விடை கூறவில்லை. அவ்வையத்தை மனத்திற்கொண்டு படத்தைச் செம்மைசெய்து காட்டினார்.

இவற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்கவை சில. குறைகூறுவாரை, "எந்தக் கதையைப் பார்த்தீர்கள், எவ்விடத்தில் மனம் ஒவ்வவில்லை?" என்று பணிவுடன் கேளுங்கள். ஒன்றையும் பாராதவராயின் வாதாட வேண்டாம், நல்லதொன்றைக் காட்டுங்கள். பார்த்தவராயின் அவர் கூறுவதை, "நீங்கள் சொல்வது இதுதானே?" என்று அவர் தலையசைக்குமாறு திருப்பிச் சொல்லுங்கள். அதன் பின்னரே உடன்படுவதும் மறுப்பதும். கதையைப் பழித்தவர் உங்களைப் பழித்தாரென்று கொள்ளவேண்டாம். எல்லாங் கேட்டபின்னும் சுவையில் வேறுபாடு எஞ்சுமாயின், அது எஞ்சட்டும். ஒருவர்க்குப் பாகற்காய் பிடிக்கும், ஒருவர்க்குப் பிடியாது; இதற்காக அடுக்களையிற் சண்டை வேண்டுவதில்லை. ஆயின் தட்டத்தை ஒளித்துவைத்து உண்ணவேண்டிய தேவையும் இல்லை.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் கண்டனம் எமக்கு வேண்டும். உலகத்தில் வெளியாகும் அனைத்தும் கைத்தொலைபேசி வழியே எம்மிடம் வந்து குவிகின்ற இந்நாளில், எது தக்கது எது தகாதது என்று சொல்லுதற்கு மூத்தோர் இல்லையெனின் எம் கதி யாது? ஆயின் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒருமணி நேரம் அருகிலிருந்து பார்த்தபின் நீங்கள் சொல்லும் ஒரு சொல், பாராது சொல்லும் நூறு சொல்லினும் எம் மனத்திற் பதியும்.

முடிவாகச் செயற்குழுவின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். தட்டைப் பற்றி முடிவு செய்யுமுன் மூன்று படங்களை இம்மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்து பார்ப்போம். 'மின்மினிகளின் கல்லறை' ஒன்று; சாக்கோவின் இராமகாதை ஒன்று; மூன்றாவதைக் கண்டிப்பவர்களே தெரிந்தெடுக்கட்டும். பார்த்து முடிந்ததும் ஒரு விவாதம் வைப்போம். அவ்விவாதத்தில் அனிமேயின் குறைகளை இளைஞர் எடுத்துப் பேசவேண்டும். அதன் நிறைகளைப் பெரியோர் எடுத்துப் பேசவேண்டும். மறுபக்கத்தை மனமொப்பி எடுத்துச் சொல்ல வல்லோர் எத்தனை பேர் நம் சங்கத்தில் உளர் என்பது அன்று தெரியும். தட்டைப் பற்றிய முடிவு எதுவாயினும் அதன்பின் வருமாயின் நாம் மகிழ்வுடன் ஏற்போம்.